வீட்டுக்கு இன்னும் மூன்று

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு, கரும்பு ரயில் தண்டவாளத்தைத் தாண்டிய பிறகும் கார் பேசிக்கொண்டிருந்தது.

வழக்கமாக அது ஈரப்பலா மரத்தோடு நிறுத்திக்கொள்ளும். கொட்டகையில் பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் இரண்டு வாக்கியம் சொல்லும். சலோச்னா பின்னோக்கி எடுத்து, கேட்டைத் தாண்டி, மரத்தடியில் வண்டியைத் திருப்புவதற்குள் அது முடிந்துவிடும். பதினான்கு மாதமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. பிஜியில் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தவைதான். டாக்ஸியும் பேசும், கறிக்கடைக்காரர் வேனும் பேசும். என்ன சொல்கிறது என்று தவுவா ஊரில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் கிடையாது. வண்டி கொட்டாவி விடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்று மூன்றாவதாக ஒரு வாக்கியம். நீளமானது. நடுவில் எதையோ எண்ணிப் பார்த்துச் சொல்வது போலத் தயங்கித் தயங்கி வந்தது. தண்டவாளத்தில் டயர்கள் இரண்டு முறை தூக்கிப் போட்டன. அதற்குப் பிறகுதான் குரல் ஓய்ந்தது.

"அம்மா, இன்னைக்கு கார் ஆன்டி நிறைய பேசறாங்க" என்றாள் பின்னால் இருந்த ஜாஷ்னி. அவளுக்கு ஏழு வயது. அந்த இரண்டு வாக்கியமும் அவளுக்கு மனப்பாடம். தினமும் மூக்கால் பழித்துக்காட்டுவாள். மூன்றாவது அவளுக்குப் பிடிபடவில்லை.

"பேசிட்டுப் போகட்டும். நீ தண்ணி குடி."

சலோச்னாவுக்குக் காரணம் தெரியும் என்றே தோன்றியது. முந்தின சனிக்கிழமை அந்தக் குரலை அணைத்துவிடலாம் என்று அவளே திரையைத் தட்டிப் பார்த்திருந்தாள். திரையில் எப்போதும் நீலம் மட்டும்தான். ஜப்பான் வரைபடத்தில் பிஜிக்கு இடமில்லை, வெறும் கடல், நடுவில் ஒரு சின்ன அம்பு. எதையோ தொட்டதில் ஒரு வீட்டுப் படம் வந்தது. அதன் கீழே ஒரு கேள்வி. கேள்விக்குக் கீழே இரண்டு கட்டம். ஜப்பான் திரையைக் கண்டால் இடது கட்டத்தை அழுத்து, அது தானாகப் போய்விடும் என்பது மெக்கானிக் ஃபாரூக் அண்ணன் ஊருக்கே சொல்லிக்கொடுத்திருந்த பாடம். அவள் இடது கட்டத்தை அழுத்தினாள். குரல் ஏதோ சொன்னது, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல இதமாக. பிறகு பழையபடி நீலம்.

அந்தக் காரை அவள் விரும்பி வாங்கவில்லை. அவளுடைய கணவன் ரோனில், ஆக்லாந்தில் பஸ் ஓட்டப் போவதற்கு முன் ஜாஷ்னியின் மூச்சிழுப்புக்காக வாங்கிய ஹைப்ரிட் எஸ்.யு.வி. அது. ஊர் பஸ்ஸில் கண்ணாடி கிடையாது, சுருட்டிவிடும் தார்ப்பாய்தான். அறுவடைக்கு முன் கரும்புத் தோகையை எரிக்கும் மாதங்களில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்கு இழுப்பு வந்துவிடும். இந்தக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் புகை உள்ளே வராது. நின்ற இடத்தில் எஞ்சினும் தானாக ஓய்ந்துவிடும். சந்தை முனையிலும் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒற்றைப் பாலத்திலும் காத்திருக்கும்போது வண்டி மூடிய பெட்டி போல அமைதியாகிவிடும். அந்த அமைதியில் முன்சீட்டிலிருந்தபடியே பின்னால் இருக்கும் குழந்தையின் நெஞ்சைக் கேட்கலாம். சலோச்னா அப்படித்தான் அந்தக் காரோடு வாழப் பழகியிருந்தாள். மூச்சின் கடைசியில் தகர விசில் போல ஒரு கீச்சு வந்தால் கைப்பையின் இடது அறையில் நீல மருந்துக்குழாய் இருக்கும்.

அமைதி மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் அவள் வண்டி பின்னால் வந்து நிற்பது யாருக்கும் கேட்காது. கிழங்கு விற்கும் பெண் ஒருத்தி திடுக்கிட்டுத் திரும்பி பானெட்டில் ஓங்கித் தட்டினாள். "ஏய், திருடி மாதிரி வர்றே! ஹார்ன் எதுக்கு வச்சிருக்கான், ஊறுகா போடவா?"

இரண்டாவது வாரத்தில் மூன்றாவது வாக்கியம் சுருங்கத் தொடங்கியது. ஒருநாள் தண்டவாளத்திலேயே முடிந்தது, ஒருநாள் அதற்கு முன்னால் இருக்கும் கோயில் மதிலில். சளி தானாக ஆறுவது போலக் கோளாறும் ஆறுகிறது என்று சலோச்னா நிம்மதியடைந்தாள்.

வியாழக்கிழமை மாலை மூன்றே முக்காலுக்கு ஒற்றைப் பாலத்தில் எதிரே கரும்பு லாரி வந்தது. ஓரங்கட்டி நின்றாள். எஞ்சின் ஓய்ந்தது. அவள் பழக்கப்படி தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள்.

ஜாஷ்னியின் மூச்சு. உள்ளே, வெளியே, கடைசியில் லேசான கீச்சு.

அந்த மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் இன்னொரு மூச்சு.

அது சுத்தமாக இருந்தது. கீச்சு இல்லை. தூங்கும் குழந்தையின் மூச்சு போல ஒரே அளவாக, அவளுடைய சீட்டுக்கு நேர் பின்னாலிருந்து, கழுத்து உயரத்தில் வந்தது. பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி இருக்கிறது, அதைக் குளிர்விக்க ஒரு சின்ன விசிறி இருக்கிறது, பையை வைத்து அடைத்துவிடாதே என்று ஃபாரூக் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. விசிறிதான். அவள் தலையைத் திருப்பினாள்.

திருப்பியதும் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜாஷ்னியையும் கூட்டிக்கொண்டு ஃபாரூக்கின் பட்டறைக்குப் போனாள். அவர் பின்சீட்டைத் தூக்கி, குனிந்து பார்த்து, மோந்து பார்த்தார்.

"விசிறி சுத்தமா இருக்கு தங்கச்சி. எலிகூட இல்ல."

"அப்ப மூச்சு விடறது யாரு அண்ணே?"

"நீ காலையில ரொட்டி தின்னியா இல்லையா?" ஆரஞ்சு நிறக் கனமான வயரைக் கண்ணால் காட்டினார். "இதுக்கு மேல நான் கை வச்சா, என்னைச் சாம்பலா ஒரு டப்பாவுலதான் அள்ளிக் குடுப்பாங்க. ஹைப்ரிட் வாங்காதேன்னு அன்னைக்கே உன் புருஷன்கிட்ட சொன்னேன். கேட்டானா? பெரிய கப்பல் கேப்டன்!"

அவர் சீட்டைக் கீழே அமுக்கினார். சலோச்னாவின் சீட்டுக்குப் பின்னாலிருந்த பெல்ட் மாட்டியபடியே கிடந்தது. வெறும் சீட்டின் குறுக்கே, இறுக்கமாக. அவர் அதைக் கழற்றிவிட்டார்.

"ஜாஷ்னி, அந்தப் பக்கத்து பெல்ட்டை நீ மாட்டினியா?"

"இல்லம்மா. எனக்கு அவ்ளோ தூரம் கை எட்டாது."

அடுத்த திங்கட்கிழமை மழை. பள்ளிக்கூடத்தில் தொண்டு வேலைக்கு வந்திருந்த ஜப்பானியப் பெண், சிஹாரு டீச்சர், பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றாள். ஜாஷ்னியின் வகுப்புக்கு ஜப்பானிய எண்களைப் பாட்டாகச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். சலோச்னா நிறுத்தி ஏற்றிக்கொண்டாள். காரை நிறுத்தி மறுபடி கிளப்பியதில் குரல் முதலிலிருந்து தொடங்கியது.

சிஹாரு வாய்பொத்திச் சிரித்தாள். "இது தினமும் சொல்லுதா?"

"பதினாலு மாசமா. என்னதான் சொல்லுது?"

"'கார்டு செருகப்படவில்லை. தயவுசெய்து கார்டைச் செருகவும்.' ஜப்பான்ல ரோட்டுச் சுங்கம் கட்டற கார்டு. இங்க ஏது சுங்கம்!"

மூவரும் சிரித்தார்கள். சலோச்னாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஊரே மந்திரம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா! பிறகு மூன்றாவது வாக்கியம் வந்தது. சிஹாருவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன?"

"வீட்டுக்கு இன்னும் நாற்பத்தொரு கிலோமீட்டர்."

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"எந்த வீட்டுக்கு?"

"முன்னாடி வச்சிருந்தவங்க வீடு. அவங்க பதிஞ்சு வச்சது இதுல அப்படியே இருக்கு. 'வீட்டுக்கு அழைத்துச் செல்லவா'ன்னு கேட்டிருக்கும். யாரோ சரின்னு சொல்லியிருக்காங்க."

"ஜப்பான் இங்கிருந்து ஏழாயிரம் கிலோமீட்டர்."

"ஆமா" என்றாள் சிஹாரு. "ஆரம்பத்துல அப்படித்தான் சொல்லியிருக்கணும்."

நீளமாக இருந்த வாக்கியம் ஏன் சுருங்கியது என்பது சலோச்னாவுக்கு அப்போது புரிந்தது. பெரிய எண் சின்ன எண் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் கார் எங்கும் போகவில்லையே. வீடு, பள்ளிக்கூடம், மருந்துக்கடை வேலை, மறுபடி வீடு. வெறும் பதினாறு கிலோமீட்டர் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வீடு எப்படி நெருங்கும்? எது எதை நோக்கி வருகிறது?

"நிறுத்திடுங்க டீச்சர். ப்ளீஸ்."

சிஹாரு திரையை நான்கைந்து முறை தொட்டாள். குரல் ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னது. கடைசி முறை சற்று அழுத்தி. சிஹாரு கையை மடியில் வைத்துக்கொண்டாள். "பயணம் தொடங்கியாச்சு, நடுவுல ரத்து செய்ய முடியாதுன்னு சொல்லுது. இப்படி ஒரு வாக்கியத்தை நான் எந்தக் கார்லயும் கேட்டதில்ல."

"வீடு வந்தா கார் ஆன்டி என்ன சொல்வாங்க டீச்சர்?" பின்னாலிருந்து ஜாஷ்னி கேட்டாள்.

சிஹாரு அதை ஜப்பானிய மொழியில் சொன்னாள். மெதுவான, பணிவான ஒற்றை வாக்கியம். "'களைத்திருப்பீர்கள், வந்து சேர்ந்தாயிற்று'ன்னு அர்த்தம்." பிறகு முன்பலகையில் எரிந்த இரண்டு பச்சைப் புள்ளிகளைப் பார்த்தாள். "பின்னாடி ரெண்டு பேர் பெல்ட் போட்டிருக்காங்கன்னு காட்டுதே" என்றாள். திரும்பிப் பார்த்தால் ஜாஷ்னி மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டு திருப்பம் இருக்கும்போதே, இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று மழையில் இறங்கிவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரோனில் போனில் வந்தான்.

எண் குறைந்துவருவதைச் சொல்லிவிட்டு, "இந்தக் காரை வித்துடுங்க" என்றாள் சலோச்னா.

"ஏன், கார் எண்ணுதுன்னா? இங்க என் மேனேஜர்கிட்ட அதைச் சொல்லித்தான் லீவு கேக்கணும்."

"பின்சீட்டுல யாரோ இருக்காங்க ரோனில்."

"இருந்தா பெட்ரோலுக்குப் பங்கு கேளு." பிறகு குரல் கடுத்தது. "சலோ, விளையாடாதே. இது எரிக்கற மாசம். அவளைப் புகைக்குள்ள பஸ்ல கூட்டிட்டுப் போவியா? போன வருஷம் ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்ததை மறந்துட்டியா? கார்தான் அவளுக்கு மூச்சு."

அவள் மறக்கவில்லை. அதனால்தான் செவ்வாய்க்கிழமையும் பொத்தானை அழுத்தினாள்.

இப்போது எண்ணைச் சொல்ல ஜாஷ்னியே இருந்தாள். சிஹாருவின் பாட்டை முணுமுணுத்து விரலில் எண்ணி, ஏதோ பரிசு வெல்கிற குரலில் அறிவிப்பாள். செவ்வாய் முப்பத்திரண்டு. புதன் இருபத்துமூன்று. வியாழன் பதினான்கு. இப்போது தினம் ஒன்பதுதான் குறைந்தது. காலையில் கிளம்பும் முன் சலோச்னா அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். மாலையில் பார்த்தால் மாட்டியிருக்கும். ஒருநாள் அதைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனாள். நாடா வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் சாய்ந்திருந்தது போல. கத்தரிக்கோலை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளி, ஐந்து.

ஐந்திலிருந்து ஒன்பதைக் கழிக்க முடியாது. சனிக்கிழமை காரைக் கிளப்பப் போவதில்லை என்று அவள் முடிவு செய்தாள். சனி, ஞாயிறு. திங்கட்கிழமை வேறு ஏற்பாடு, யாரையாவது கெஞ்சி, எப்படியாவது. சாவியை மாவு டப்பாவுக்குள் போட்டு, டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். சனிக்கிழமை பகல் முழுக்கக் கொட்டகைப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை. கார் அங்கே நின்றது. இரண்டு முறை, உள்ளிருந்து, பின்சீட்டு நினைவூட்டும் மணி மட்டும் மெல்ல ஒலித்தது. பின்னால் எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்கிற அந்த மணி.

மாலை ஐந்து நாற்பதுக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கக் கரும்புத்தோட்டத்தில் தீ வைத்தார்கள்.

முதலில் சத்தம், ஆயிரம் சுள்ளிகளை ஒரே நேரத்தில் முறிப்பது போல. பிறகு காற்று திரும்பியது. எரிந்த சர்க்கரையின் கெட்ட இனிப்பு வாடை ஜன்னல் இடுக்கெல்லாம் நுழைந்தது. கரிச்சருகுகள் கறுப்பு இறகு போலச் சுழன்று சமையல் மேடையிலும் ஜாஷ்னியின் தலையிலும் விழுந்தன. பத்தே நிமிடத்தில் சூரியன் செம்பழுப்பாகிச் சுவரில் நிழல்கள் திக்கில்லாமல் ஆடின. ஜாஷ்னி தரையில் கைகளை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். விசில் கீச்சு மூச்சின் கடைசியில் இல்லை, தொடக்கத்திலேயே வந்தது. நீல மருந்து நான்கு முறை. ஆறு முறை. பத்து. டாக்ஸிக்காரர்கள் நால்வருக்குப் போன் செய்தாள். ஒருவர் எடுத்தார், தீக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டு வாசிதி ஆன்டி, கூரையில் விழும் தணல்மேல் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டே வேலியோரம் கத்தினாள். "ஏய் சலோ! கொட்டகையில கப்பல் மாதிரி கார் நிக்குது, நீ போனை வச்சு என்னடி பண்றே? புள்ள உதட்டைப் பாரு!"

உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

மாவு டப்பா கீழே விழுந்து உருண்டது. சாவி. மாவுக்கை. குழந்தையை இடது பின்சீட்டில் வைத்துப் பெல்ட்டை மாட்டினாள். மறுபக்கத்துப் பெல்ட்டைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

கார்டு செருகப்படவில்லை. தயவுசெய்து கார்டைச் செருகவும்.

மூன்றாவது வாக்கியம் மிகச் சின்னது. சலோச்னா கண்ணாடியில் பார்த்தாள். ஜாஷ்னிக்குப் பேச மூச்சில்லை. ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்று விரல்.

ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர்.

எஞ்சின் கிளம்பவே இல்லை. பேட்டரியிலேயே ஓடியது. புகைக்குள் சத்தமே இல்லாமல் கார் வழுக்கிக்கொண்டு போனது. ரோட்டின் வெள்ளைக்கோடு மட்டும் தெரிந்தது. தண்டவாளம். ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல். பின்னால் இரண்டு மூச்சு. ஒன்று கிழிந்தது. ஒன்று சுத்தமானது. சுத்தமான மூச்சு வேகமெடுத்திருந்தது, ஊர் நெருங்கும்போது ஜன்னலில் முகம் வைக்கும் குழந்தையின் மூச்சு போல.

குரல்.

இரண்டு விரல்.

"மூச்சு விடு கண்ணு. அம்மா இருக்கேன். மெதுவா விடு."

ஒற்றைப் பாலம். எதிரே யாருமில்லை. நிற்கவில்லை. திரையின் நீலத்தில், கடலின் நடுவில், ஒரு சின்ன வீட்டுப் படம் தோன்றியிருந்தது. அம்பு அதை நோக்கி நகர்ந்தது.

ஒரு விரல்.

பச்சைப் புள்ளிகள் இரண்டு. கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் ரோடு போய்விடும்.

ஆஸ்பத்திரியின் வாசல் விளக்கு. சரிவுப் பாதை. பிரேக்.

கார் புதிதாக ஒரு வாக்கியம் சொன்னது. மெதுவாக. பணிவாக. ஜாஷ்னி எந்த விரலையும் காட்டவில்லை. தேவையும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் சலோச்னாவுக்குத் தெரியும்.

இறங்கினாள். ஓடிச் சுற்றினாள். இடது பின்கதவைத் திறந்தாள். வெளிப்புகை உள்ளே பாய்ந்தது, கரி பறந்தது, கண் எரிந்து மூடிக்கொண்டது. இரண்டு சின்னக் கைகள் தாமாகவே எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. வாரி எடுத்தாள். ஓடினாள்.

நான்கு அடி. ஐந்து. ஆறு.

காதோரம் மூச்சு. கீச்சு இல்லை. அப்பாடா, இறங்கிவிட்டது, மருந்து வேலை செய்துவிட்டது. "அவ்ளோதான் கண்ணு, அவ்ளோதான்." ஏழு. எட்டு.

சுத்தமான மூச்சு. ஒரே அளவாக.

ஒன்பது.

அவளுக்குப் பின்னால், காருக்குள்ளிருந்து, தகர விசில் போல ஒரு கீச்சு கேட்டது.

கதவு மூடிக்கொண்ட ஓசை. பூட்டு விழுந்த ஓசை. சாவி அவள் கைக்குள்தான் இருந்தது, மாவும் வியர்வையுமாக. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரும்பினாள்.

கார் எந்தச் சத்தமும் இல்லாமல் சரிவில் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சீட்டில் யாருமில்லை. கத்த வாயைத் திறந்தாள். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின. தோளில் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்து, அவள் காதுக்குள், அந்த வாக்கியத்தைச் சொன்னது. மெதுவாக. பணிவாக. களைத்திருப்பீர்கள், வந்து சேர்ந்தாயிற்று.

புகைக்குள் போய்க்கொண்டிருந்த பின்கண்ணாடியில் ஒரு சின்னக் கை ஒட்டியிருந்தது.

ஒரு விரல்.

பிறகு இரண்டு.

பிறகு மூன்று.